மாலை போட்டவன் சொன்ன ‘ஆமாம்’

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், கொடைக்கானல் ரீடிங் ரூமில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்தது கொலைச் செய்தி ஒன்றும் இல்லை. விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி. உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆப்பிரிக்கா, ஆசியா, அதற்கும் அப்பால் உள்ள தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்தான் என்று உலகச் சங்கம் முடிவு செய்துவிட்டதாம். இது அநியாயம் என்று ஆப்பிரிக்க நாடுகள் மொத்தமாக விலகிக்கொண்டனவாம்.

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆடாமப் போனா யாருக்கு நட்டம்?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ வெளிநாட்டில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சில பேர் அதை முடிவு செய்திருப்பார்கள். அதைக் காகிதத்தில் அடித்துக் கொடுக்க ஒரு டைப்பிஸ்ட் இருந்திருப்பான். எனக்கு அந்த டைப்பிஸ்ட்டைப் பற்றித்தான் யோசனை ஓடியது. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மலையில் நான்தான் அந்த டைப்பிஸ்ட்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. பழனியில் கோயில் யானை வரும் தெருவில் நான் நடக்க மாட்டேன். முதல் வேலை ஜவுளிக் கடையில். முதலாளி ஒரு நாள் குரலை உயர்த்தினார், மறுநாள் நான் போகவில்லை. இரண்டாவது ஒரு பள்ளிக்கூட ஆபீசில். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து, அத்தோடு அதுவும் போயிற்று. மூன்றாவது வேலைதான் கொடைக்கானலில், ஒரு பழத்தோட்ட ஆபீசில். அட்டுவம்பட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை. “பாத்துக்கலாம், பாத்துக்கலாம்” என்பார் தோட்டத்து முதலாளி. இதுவும் போனால் பழனி மலையடிவாரத்தில் அப்பாவின் தேங்காய்ப் பழக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கும் எனக்குப் பயம்.

முதலாளிதான் எங்கள் மலைக் கால்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். அதனால் சங்கத்தின் கடிதம், நோட்டீஸ், கூட்டக் குறிப்பு எல்லாம் என் தலையில். கூட்டம் சாயங்காலம் நடக்கும். கூட்டத்தில் என்ன முடிவானது என்று காலையிலேயே நான் அடித்து முடித்திருப்பேன். பழ சீசனில் மாநிலச் சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கு பேரிக்காயும் பிளம்ஸும் கூடை கூடையாக பஸ்ஸில் இறங்கும். தலைவருக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும். அந்த வருஷம் பைனல் ஆட்டம் பார்க்க அவர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண் முன்னால் தலைவருடைய டவுன் டீம் கோப்பை வாங்கியாக வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு இடைஞ்சல், மேல்மலைக் கிராமத்து டீம். பூண்டு போடும் விவசாயிகள். எல்லோரும் வெறுங்காலில்தான் ஆடுவார்கள். அந்தக் கால்களிடம் பந்து போய்விட்டால் திரும்பி வராது. அவர்கள் கேப்டனுக்கு முப்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத ஆள், சட்டையில் எப்போதும் பூண்டு வாசம். ஆபீசுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, “டைப்பிஸ்ட் சார், ஆட்டம் என்னைக்கு?” என்று கேட்பார். 

மார்கழி முடிந்ததும் நான் பழனிக்கு மாலை போட்டேன். எங்கள் வீட்டில் எல்லா ஆண்களும் போடுவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் மலையேறிக் கும்பிடும் வரை விரதம். அதுவரை காலில் செருப்புக் கூடாது. தை மாசத்துக் கொடைக்கானலில் புல்லெல்லாம் உறைபனி. மேலே ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், கீழே வெறுங்கால் என்று நான் ஆபீசுக்குப் போவதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும். மேல்மலை டீமிலும் மாலை போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை ஏறிவிட்டால் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அன்றைக்கு வாசலில் நின்ற கேப்டன் என் கழுத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “சாமியும் போட்டிருக்கீகளா?” என்றார். என்னை அதுவரை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. உள்ளுக்குள் ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. மறுநாள் தலைவர் என் காலைப் பார்த்து, “எதுக்குய்யா இந்தக் குளிர்ல இப்படி நடக்கிற?” என்றார். என்னோடு அவர் நின்று பேசியதே அதுதான் முதல் தடவை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். “பூசம் வரைக்கும் செருப்புப் போடக் கூடாது சார். உயிரே போனாலும் போட மாட்டோம். மேல்மலை டீம்ல கேப்டன் முதக்கொண்டு அத்தனை பேரும் மாலை போட்டிருக்காங்க சார்.”

“அத்தனை பேருமா?” என்றார் தலைவர்.

“ஆமா சார்” என்றேன் நான், கெட்டிக்காரன்.

ஒரு வாரத்தில், மாசி மாசம் நடக்க வேண்டிய பைனல் தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னதாக வந்துவிட்டது. அடுத்த நாள் தலைவர் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய ஆங்கிலக் கடிதத்தை எடுத்துப் போட்டார். மாநிலச் சங்கத்திலிருந்து எப்போதோ எல்லா ஊருக்கும் வந்த சுற்றறிக்கை அது. உலகச் சங்கம் வெறுங்கால் ஆட்டத்தை ஒப்புக்கொள்ளாது என்று எங்கள் பக்கம் வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. எது நிஜம், எது வதந்தி என்று மலையில் யாருக்கும் தெரியாது. அந்தக் கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. நாடுகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களில் எல்லோரும் பூட்ஸ் அணிய வேண்டும். உள்ளூர் ஆட்டங்களை அந்தந்த ஊர்ச் சங்கமே முடிவு செய்துகொள்ளலாம். நான் இரண்டையும் ஒழுங்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தலைவர் சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார். முதல் வரியில் ‘நாடுகளுக்கு இடையே நடக்கும்’ என்பதையும் அடித்தார். தலைப்பில் ‘உலகச் சங்கத்தின் உத்தரவு’ என்று எழுதினார்.

“சார், இது...” என்றேன்.

“எது?”

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப வெரசா அடிச்சுக் கொடு.”

அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். சாமிக்கு முன்னால் கண்ணை மூடினால் சிவப்புப் பென்சில்தான் தெரிந்தது.

பைனல் அன்று மத்தியானம் மைதானத்தில் பனிமூட்டம் பாதி இறங்கியிருந்தது. ஒரு நீள மேஜை போட்டு, மதுரையிலிருந்து வரவழைத்த பதினோரு ஜோடி புது பூட்ஸை வரிசையாக வைத்திருந்தார்கள். தலைவர் பெரிய மனிதர்களிடம், “அவங்க ஏழைங்க, அதான் நம்ம செலவுலயே வாங்கி வெச்சுட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் மெச்சிக்கொண்டார்கள். மேல்மலையிலிருந்து ஆட்டம் பார்க்க நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பலர் கையில் தடி. பூட்ஸ் இல்லாமல் ஆட விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் மேஜையை நோக்கி வந்தது. “மாலை போட்டவனப் பூட்ஸு மாட்டச் சொல்றியா?” என்று ஒருவர் கத்தினார். ஒரு தடி மேஜையில் பட்டு இரண்டு பூட்ஸ் உருண்டு விழுந்தன. நான் அந்த ஆங்கிலக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைவர் எனக்குப் பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

கேப்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரில் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதத்தைப் பார்க்கவும் இல்லை, என் கழுத்தைத்தான் பார்த்தார்.

“சாமி, நீங்க சொல்லுங்க. நெசமாவே அதுல அப்படித்தான் எழுதிக் கெடக்கா?”

பின்னாலிருந்து ஒருவன், “மாலையத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கண்ணே” என்றான்.

“ஏலே, சும்மா இரு. மாலை போட்டவுகள அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. சாமி, நீங்க வாயால சொன்னாப் போதும்.”

மாலையைத் தொடச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் அழுதுகொண்டே உண்மையைக் கக்கியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. எதிரில் தடிகள்.

“ஆமாம்” என்றேன்.

கேப்டன் தலையை ஆட்டினார். திரும்பி, “சாமி சொல்லிருச்சுல்ல, வாங்க போவோம்” என்றார். அத்தனை கூட்டமும் அடங்கி அவர் பின்னால் போயிற்று. ஆடாமலே டவுன் டீமுக்குக் கோப்பை. தலைவருக்கு மாநிலச் சங்கத்தில் நாற்காலி கிடைத்தது, அடுத்த மாதம் என் வேலையும் நிரந்தரமானது. மேல்மலை டீம் அதன் பிறகு கொடைக்கானல் மைதானத்தில் இறங்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் பழனிக்கு நடக்க வேண்டும். பஸ்ஸில் போய்விடலாமா என்று பார்த்தேன். நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு பஸ்ஸில் போய் முருகன் முன்னால் நிற்பதற்கும் பயம், அப்பா கால் தூசியைப் பார்ப்பார் என்றும் பயம். வெள்ளனே கிளம்பி, பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் போய் இறங்கும் காட்டுப் பாதையில் தனியாக நடந்தேன். பொய் சொல்லிவிட்டுத் தனியாக நடப்பவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு தண்டனை. காட்டெருமை நிற்கும் இடம், யானை வரும் இடம் எல்லாவற்றையும் தாண்டினேன். அவற்றுக்குக்கூடப் பயப்பட மறந்து போனேன். என் பயமெல்லாம் முன்னால் எங்கோ கேட்ட ‘அரோகரா’தான். அந்தக் குரல்கள் எனக்குத் தெரிந்த குரல்கள். வேகத்தைக் குறைத்து நடந்தேன். ஆனால் அவர்கள் ஓர் ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“சாமி!” என்று கேப்டன் கையை ஆட்டினார். “காட்டுல தனியாவா வர்றீக? எங்களோட வாங்க.”

ஓட இடமில்லை. உட்காரவைத்து இலையில் சோறு போட்டார்கள். பூண்டு விளைவிக்கும் ஆட்கள், விரதத்துக்காகப் பூண்டு சேர்க்காமல் கட்டி வந்த புளிச்சோறு. முதல் கவளத்தையே பிசைந்துகொண்டிருந்தேன். மைதானத்தில் என்னை மாலையைத் தொட்டுச் சொல்லச் சொன்ன அதே வாலிபன் இன்னமும் பொருமிக்கொண்டிருந்தான். கேப்டன் அவனை அதட்டினார்.

“திரும்பத் திரும்ப அதே பேச்சு எதுக்குலே? நமக்கு மட்டுமா சொன்னாக? உலகத்துக்கே ஒரே சட்டம்னு சாமியே சொல்லிருச்சு. அம்புட்டுத் தூரத்துல இருக்கவுகளுக்கு நம்மோட என்ன பகை? சட்டம் நமக்கு ஒத்து வரல, விட்ருவோம். பந்தச் சின்னப் பயலுக கையில குடுத்தாச்சு. இனிமே டீம் கெடையாது.”

பிறகு என்னைப் பார்த்து, “காலுக்கு என்ன சாமி, நொண்டி நொண்டி வந்தீக?” என்றார்.

குதிகாலில் முள் ஏறியிருந்தது. சொன்னேன். அவர் மடிப்பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தார், என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. என் பாதத்திலிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்தார். “பொறுங்க சாமி, பொறுங்க சாமி” என்று சொல்லிக்கொண்டே குனிந்து முள்ளைத் தேடினார்.

அடுத்து நான் செய்ததைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் பயம்தான். இந்தக் காலோடு நாளை மறுநாள் பழனிப் படிகளில் எப்படி ஏறுவேன் என்ற பயம். அது தடிகளின் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவே.

“அந்தக் கடுதாசியில அப்படி இல்லீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “நாட்டுக்கு நாடு ஆடுற ஆட்டத்துக்குத்தான் பூட்ஸு. நம்ம ஊர் ஆட்டத்துக்கு இல்ல. நீங்க எல்லாம் மாலை போட்டிருக்கீகன்னு தலைவர்கிட்டச் சொன்னதும் நான்தான்.”

அந்த வாலிபன் எழுந்து நின்றான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அடி எந்தப் பக்கமிருந்து விழும் என்று உடம்பு முழுவதும் காத்திருந்தது. என் கால் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. முள்வாங்கி நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி வேலை செய்யத் தொடங்கியது, முன்பு போலவே மெதுவாக, வலிக்காமல்.

கண்ணைத் திறந்தபோது கேப்டன் முள்ளை விரல் நுனியில் வைத்து எனக்குக் காட்டினார். என் காலை மடியிலிருந்து எடுத்துப் பதனமாகத் தரையில் வைத்தார்.

“முள்ளு வந்துருச்சு” என்றார். “நடங்க சார்.”