அவதி தீரப்போகிறது என்றேன்

மூடிப்போன தேயிலைக் கம்பெனி எங்களுக்கு வைத்த சம்பளப் பாக்கிக்காக, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, யூனியன் மூலம் அதன்மேல் திவால் மனு போட இருந்தோம். வக்கீல் குமாஸ்தா போனில் மலையாளத்தில், "சேச்சி, அவதி தீராறாயி" என்றார். கஷ்டம் தீரப்போகிறது என்றே என் தமிழ்க் காதில் விழுந்தது. எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னேன். இனி எதற்குக் கையெழுத்து என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

கையெழுத்து வராததால் மறுநாள் குமாஸ்தாவே மலையேறி வந்து தமிழில் சொன்னார். "அவதின்னா கெடு, சேச்சி! பாக்கி விழுந்து மூணு வருஷத்துக்குள்ள மனு கொடுக்கணும். இந்த வாரத்தோட முடியுது."

யூனியன் கூட்டங்களில் வாயே திறக்காத நான் வீடு வீடாகப் போய்க் கத்தினேன். "வாங்கக்கா, தப்பாச் சொல்லிட்டேன்!"

"இத்தன வருஷம் கேரளாவுல என்னத்தடி படிச்ச?" என்று சிரித்தபடி பக்கத்து வீட்டு மேரியக்கா முதல் கையெழுத்துப் போட்டார். மனு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பாக்கி இன்னும் வரவில்லை. ஆனாலும் மனம் லேசாக இருக்கிறது. மலையாள அவதி தீருமுன் போய்விட்டோம். தமிழ் அவதி மெதுவாகத் தீரட்டும்.