கப்பல்காரர் வைத்துப்போன பத்து டாலர்

மூன்று வருடங்களுக்கு முன், மெல்போர்னில் ஒரு சனிக்கிழமை காலை. அங்கே ஸ்பிரிங்வேல் பகுதியில் இருந்த ஓர் இலங்கைத் தமிழ் ஆன்ட்டி, தன்னிடம் உள்ள பழைய அமெரிக்க நோட்டு ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று நண்பர் மூலம் கேட்டிருந்தார். எனக்கு அந்த மாதிரி நோட்டுகள் சேர்க்கும் பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் வங்கிகள்கூடத் தங்கள் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டு நோட்டு வெளியிட்டன. அவற்றின் மேல் எனக்குத் தனிப் பித்து.

ஆன்ட்டி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சிட்னியில் மகளோடு இருக்கப் போகிறாராம். கப்பலில் வேலை பார்த்த கணவர் இறந்து ஒரு வருடம். அவருடைய பெட்டியில் கிடைத்த பத்து டாலர் நோட்டை நீட்டினார். நான்காக மடித்து, ஓரம் கிழிந்து, பழுப்பேறியிருந்தது. பெரிய நிபுணரைப்போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்த நிலைமையில நூறு டாலர் போகும் ஆன்ட்டி” என்றேன்.

“அப்ப நீங்களே எடுங்கோ தம்பி” என்றார். பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் பழைய நோட்டுகளின் விலைப் பட்டியலைப் புரட்டியபோதுதான் என் தவறு தெரிந்தது. கிழிசலைப் பார்த்த நான் ஊர்ப் பெயரைச் சரியாகக் கவனிக்கவில்லை. அந்த ஊர் வங்கி கொஞ்ச காலமே இயங்கியது. மிஞ்சியிருக்கும் அதன் நோட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிழிந்திருந்தாலும் பல ஆயிரம் டாலர் பெறும்.

தெரியாமல்தானே வாங்கினேன் என்று இரண்டு நாள் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அது என்னிடமே இருக்க வேண்டும் என்ற ஆசை பெரிதாகவே இருந்தது. ஆனால் நோட்டுகளை வைத்திருக்கும் ஆல்பத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போய், நோட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கண் கலங்கியபடியே சிரித்தார்.

“இது பெறுமதியானது, பத்திரமாய் வை எண்டு மனிசன் சொல்லிக்கொண்டே இருந்தவர். நான் ஒருநாளும் நம்பேல்லை. அவரைப் பகிடி பண்ணிச் சிரிச்சனான்.”

“நல்ல விலைக்கு வித்துத் தரட்டுமா ஆன்ட்டி?”

“வேண்டாம் தம்பி. அவர் சொன்னது சரியெண்டு இப்பதான் தெரியுது. இது என்னோடயே இருக்கட்டும்.”

என் நூறு டாலரைத் திருப்பித் தந்தார். தேநீர் குடிக்காமல் என்னைப் போக விடவில்லை.

இப்போதெல்லாம் யாராவது பழைய நோட்டை நீட்டினால், “எனக்குத் தெரியல, ரெண்டு நாள் டைம் கொடுங்க” என்று கூச்சமில்லாமல் சொல்ல வருகிறது. கைக்கு வந்தும் நான் வைத்துக்கொள்ளாத அந்த ஒன்றை நினைத்தால், வைத்திருக்கும் எல்லாவற்றையும்விட மனசு நிறைகிறது.