பத்தர் திருகிய பல் கம்பி

என் மகளுக்கு எத்துப்பல். அதை ஊருக்கு முதலில் சொன்னவன் நான்தான். ஏழு வயதில் அவளுக்குப் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்தபோது, மேல்வரிசையில் இரண்டு பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றன. "வீட்டுக்குத் தேங்காய்த் துருவி வந்தாச்சு" என்று சொல்லி நான் சிரிப்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் கேட்கும். பிள்ளைகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. ஒரு வருஷத்தில் அவள் எல்லோருக்கும் 'துருவி' ஆகிவிட்டாள்.

பத்து வயதுக்குமேல் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினாள். பெண் பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிட்டது, நல்லதுதானே என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவள் படித்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. பிள்ளையின் உதடு மூடவில்லை, முன்பற்களால் கடிக்க முடியவில்லை, கோலாலம்பூரில் இப்போது ஒரு பல் டாக்டர் கம்பி போட்டுப் பல்லை உள்ளே இழுக்கிறார், அழைத்துப்போய்க் காட்டுங்கள் என்று அவளுடைய ஆசிரியை எழுதியிருந்தார். கடிதத்தை என் மகள் பக்கத்தில் நின்று எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாள். "போலாமாப்பா?" என்றாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

டாக்டர் இங்கிலாந்துக்காரர். நல்ல மனிதர். கம்பி போட அறுபது வெள்ளி, அதன்பிறகு மாதம் ஒருமுறை முறுக்க ஐந்து வெள்ளி, இரண்டு வருஷம் ஆகும் என்றார். நான் ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ரப்பர் விலை விழுந்து ஊரே படுத்துக்கிடந்த காலம் அது. எத்தனையோ பேருக்கு வேலைச் சீட்டைக் கிழித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எனக்கு வேலை தப்பியது, சம்பளத்தில் மட்டும் வெட்டு. எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தவன் எழுபதுக்கு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். அவளுடைய அப்பா போட்டனுப்பிய சங்கிலி அது.

"தை மாசம் கிள்ளான்ல தங்கச்சி கல்யாணம். அதுக்குள்ள மீட்டுக் குடுத்துடுங்க. வெறுங்கழுத்தோட எங்க மனுஷங்க முன்னாடி என்னால போய் நிக்க முடியாது" என்றாள்.

செட்டியார் கடையில் அதை அடகு வைத்துத்தான் கம்பி போட்டோம். பின்பக்கக் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களை ஒட்டித் தங்கக் கலவையில் ஒரு கம்பி. இரண்டு பக்கமும் மிளகு அளவில் ஒரு நட்டு. மாதாமாதம் டாக்டர் சின்னச் சாவி ஒன்றால் அந்த நட்டைக் கால் சுற்றுத் திருகுவார். பல்லை ஆட்டிப் பார்ப்பார், ஈறை அழுத்திப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், கை கழுவுவார். அவ்வளவுதான். நாற்காலியில் அவள் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் ஐந்து வெள்ளி.

குவார்ட்டர்ஸில் பேச்சு கிளம்பியது. "பல்லுக்கு நகை போட்ட ஒரே வீடு உங்க வீடுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மகளுக்கோ அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காலையில் கண்ணாடி முன் நின்று, விரலை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து, நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்து பார்ப்பாள். நான்கு மாதத்தில் உண்மையாகவே போயிருந்தது. "இன்னும் கொஞ்சம்தான்பா" என்பாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் டாக்டருக்கு ஐந்து, செட்டியாருக்கு வட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. தை நெருங்கியது. சங்கிலி செட்டியாரிடமே இருந்தது. கால் சுற்றுத் திருக ஐந்து வெள்ளியா, தங்கக் கம்பியைத் திருகுவதற்கு டாக்டர் எதற்கு, பத்தர் போதாதா என்று ஒரு நாள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. தோன்றியபோது எனக்கு என் மூளையை நினைத்து அப்படி ஒரு திருப்தி.

கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருந்தார். என் மனைவி வீட்டு நகையெல்லாம் அவர் கை வேலைதான். என் மகளுக்குக் காது குத்தியதும் அவரே. ஒரு சொட்டு இரத்தம் வராமல், பிள்ளை அழுவதற்குள் குத்தி முடித்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு. காதைத் தொட்ட கை வாயைத் தொடக்கூடாதா? ரயில்வேக்காரனுக்குக் கிள்ளான் போய்வரப் பாஸ் உண்டு, டிக்கெட் செலவும் இல்லை. டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மகளை ரயிலேற்றினேன்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம்மா. சங்கிலி மீட்டதும் திரும்ப டாக்டர்கிட்டயே போயிடலாம்" என்று ரயிலில் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

பத்தர் அவள் வாயைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"கிராணி ஐயா, காது குத்துவேன், மூக்கு குத்துவேன். வாய்க்குள்ள நான் வேலை பார்த்ததில்லீங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"கால் சுத்துதான் பத்தரே. நானே நாலு தடவை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். நான் சொல்ற மாதிரி பண்ணுங்க."

அவர் நகை வேலைக் குறட்டைத் துடைத்து, சாம்பிராணித் தணலில் காட்டி, சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திருகினார். காசு வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தி அரை வெள்ளி கொடுத்தேன். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மாதமும் ஆகவில்லை. டாக்டர், ஏன் வரவில்லை என்று கேட்டு ஆபீஸுக்கு ஒரு தபால் அட்டை போட்டார். அதை மேசை இழுப்பறையில் கோப்புகளுக்கு அடியில் தள்ளினேன்.

மூன்றாம் முறைதான் நான் என் வேலையைக் காட்டினேன். சங்கிலி மீட்க இன்னும் கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாதம் கிள்ளானுக்கு வர நேரமும் இருக்காது, கல்யாண வேலைகள் வந்துவிடும். "ரெண்டு மாசத்துக்கு உள்ளதை ஒரேயடியா முறுக்கிடுங்க பத்தரே" என்றேன். அவர் மாட்டேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. "பல் யாரோடது? என் பிள்ளையோடதா, உங்க பிள்ளையோடதா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. குனிந்து திருகினார். அரைச் சுற்றோடு நிற்க வேண்டியது ஒரு சுற்று முழுதாகத் திரும்பியது. அவள் இரண்டு கையாலும் படுத்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் காது வரைக்கும் ஓடியது.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்தான்பா."

அன்றிலிருந்து அவளுக்குக் கஞ்சிதான். நான்காம் நாள் ஈறு வீங்கியது. மனைவி டாக்டரைத் திட்டினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீக்கம் தானாக வடிந்துவிடும் என்று அவளைச் சமாதானப்படுத்தி, நாட்களைக் கடத்தினேன். அதற்கிடையில் சம்பளம் வந்தது. செட்டியார் கடைக்குப் போய்ச் சங்கிலியை மீட்டேன். ஆமாம், அதைத்தான் முதலில் செய்தேன். பிள்ளை வாயில் சீழ் வைத்து, முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். நட்டில் குறடு கடித்த தடம் இருந்தது. நிமிர்ந்தார். இதைத் தொட்டது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி எனக்கு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார்" என்றேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

நாற்காலியிலிருந்து என் மகள் பேசினாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடச் சுத்தம். பல் சீக்கிரம் உள்ளே போகவேண்டும் என்ற ஆசையில், அப்பாவின் குறட்டை எடுத்துத் தானே முறுக்கிவிட்டதாகச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாது என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சேட்டைக்காரி சார், சொன்ன பேச்சே கேட்கமாட்டாள்" என்றேன். அதோடு விட்டேனா? அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். நோகத்தான் வைத்தேன், பொய் மெய்யாகத் தெரியவேண்டுமே. டாக்டர் என் கையைப் பிடித்து, அடிக்காதீர்கள், பிள்ளை ஏற்கெனவே நிறைய அனுபவித்துவிட்டது என்றார்.

கம்பியைக் கழற்றிவிட்டார். ஆடிய பல்லில் உயிர் போய்விட்டது, கொஞ்ச நாளில் கறுத்துவிடும், இனி கம்பி போட்டால் மற்றப் பற்களும் தாங்காது என்றார். பிள்ளைமேல் இரக்கப்பட்டு அன்றைக்குக் காசு வாங்கவில்லை. சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த ஐந்து வெள்ளி மிச்சமாயிற்று என்று என் மனம் ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அந்த ஒரு கணத்தை நினைக்கும்போது இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருக்கிறது.

தெருவில் இறங்கியதும், "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரங்க கேள்வி கேட்டா உங்க குரல் சின்னதாப் போயிடுதுப்பா. எனக்குப் பார்க்கக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நடந்துகொண்டே சொன்னாள்.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். என்னைக் கேட்பதற்குள் மகளே அம்மாவிடமும் அதே கதையைச் சொல்லிவிட்டாள். "என் கழுத்துல கிடந்ததை வித்த மாதிரி அடகு வச்சுப் போட்ட கம்பிடி!" என்று மனைவி அகப்பையை எடுத்தாள். முதுகில் நான்கு அடி. நான் வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முடிச்சை அவிழ்க்க அத்தனை நேரம் ஆகுமா? எனக்கு ஆயிற்று.

தை மாதக் கல்யாணத்துக்குக் கிள்ளான் போனோம். மனைவி கழுத்தில் சங்கிலி. அவளுடைய அக்கா தங்கைகள் அதைத் தொட்டுப் பார்த்து, இந்தப் பஞ்சத்திலும் கிராணி வீட்டில் நகை அடகுக்குப் போகவில்லையே என்று மெச்சினார்கள். மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். பல் அதற்குள் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் என் மகளிடம் என்னடி ஆச்சு என்று கேட்டார்கள். "நானே முறுக்கிட்டேன் சித்தி." "நானே முறுக்கிட்டேன் பெரியம்மா." ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பந்தலில் ஒரு மூலையில் பத்தரும் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ரயிலில் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். மனைவி சங்கிலியைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். மகள் அடுத்த அறையில் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பத்தர் எழுந்து போனது என் கண்ணிலேயே நின்றது. இனி முடியாது என்று வாயைத் திறந்தேன். கிள்ளான் பாஸ், பத்தர், ஒரு முழுச் சுற்று, எல்லாவற்றையும் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"குறடு வச்சாலும் பச்சைப் பிள்ளை கைக்கு அந்த நட்டு அசையுமா? அன்னிக்கே தெரியும். யார்கிட்ட கூட்டிட்டுப் போனீங்கன்னுதான் தெரியல."

"தெரிஞ்சுமா அவளை அடிச்சே?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்களை அடிக்க முடியுமா?" என்றாள்.

முடிந்த துணியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள். அடுத்த அறையில் காகிதம் மடிக்கும் சத்தம் நின்றிருந்தது. நாங்கள் பேசியது மகளுக்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பத்து அடி தூரம்கூட இல்லை. நான் போகவில்லை.