பாக்கு மட்டையில் வளர்ந்த ரப்பர் கன்றுகள்

எழுபதுகளின் கடைசியில், சிடாம் கிரி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் நாற்றங்கால் என் பொறுப்பில் இருந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் ஒரு கன்றின் முகத்தைப் பார்த்தே தண்ணீர் போதவில்லையா, வெயில் கூடிப்போச்சா என்று சொல்லிவிடுவேன்.

கன்றுகளைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் வளர்ப்போம். அதற்குத் தோட்டத்தில் ‘சட்டை’ என்று பெயர். நடும்போது கிழித்துக் கழற்ற வேண்டும். கிழிந்த சட்டைகள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் கால்வாயை அடைத்துக்கொள்ளும். மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரைக்கும் வரும்.

ஒரு தடவை பை ஏற்றிய லோரி வரவே இல்லை. முளைத்த கன்றுகள் பைக்கு மாறாமல் பாத்தியிலேயே நின்றால் ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும், பிடுங்கினால் அறுந்துபோகும். பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் கிராமத்தில், உதிர்ந்து கிடந்த பாக்கு மட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஊறவைத்து, சுருட்டி, ஈர்க்குச்சியால் தைத்து, மண் நிரப்பிக் கன்றுகளை வைத்தேன்.

வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் வந்து பார்த்தார்.

“என்னக்கா, கன்னுக்கு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கட்டுறியா?”

“பசிச்சா சொல்லு தம்பி, உனக்கும் ஒண்ணு கட்டுறேன்.”

“வெளையாடாத லா. இதுங்க செத்துச்சுன்னா தொர உன்னை மறுபடி பால் வெட்ட அனுப்பிருவாரு.”

அது விளையாட்டில்லை. வலிக்கிற என் முழங்காலுக்கு, பால் மரம் நிற்கும் மேட்டுக்காடு ஏறுவது ஆகாத காரியம்.

நடவு நாளில், மட்டையைக் கழற்ற வேண்டாம், மண்ணிலேயே மக்கிவிடும் என்றேன். மண்டோர் உடனே காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, “அப்படியே நடுங்கடா!” என்று கத்தினார். அடுத்த மேட்டில் முன்பே பிளாஸ்டிக் பையில் வளர்ந்த கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டு, சட்டையோடு அப்படியே நட்டுவிட்டார்கள்!

சில மாதத்தில் அந்த மேடு மஞ்சளித்தது. தோட்டத்தை நடத்தும் துரை வந்து தோண்டச் சொன்னார். பிளாஸ்டிக்குக்குள் வேர் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. என் பக்கம் தோண்டினார்கள். மட்டையைக் காணோம்; வேர் நாலு பக்கமும் ஓடியிருந்தது.

“இது யார் செஞ்சது?” என்றார் துரை.

மண்டோர் தொண்டையைச் செருமினார். “நாங்கதான் சார், எல்லாரும் சேர்ந்து…”

“நான் செஞ்சதுங்க ஐயா,” என்றேன். “தெச்ச கை இதுதான்.”

இனி நாற்றங்காலுக்கு மட்டைதான் என்று துரை சொல்லிவிட்டார். மறுநாளே மட்டை ஏற்றக் கம்பத்துக்கு லோரி கிளம்பியது. முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன். மண்டோர் பின்னால் நின்றுகொண்டு வந்தார்.