பூநாரை பார்க்க அக்காவுடன் கோடியக்கரைக்கு

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சிங்காநல்லூரில் திருச்சி பேருந்தில் ஏறினேன். எட்டு மணிக்குக் காங்கேயத்தில் அக்கா ஏறிக்கொண்டார். கையில் கட்டுச்சோற்றுப் பை, காலில் புதுச் செருப்பு. அவர் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வெளியூர் போவது அதுதான் முதல் முறை.

அக்கா ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை காயவைக்கும் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டும்தான். சின்ன வயதில் நான் சத்தம் போட்டுப் பாடம் படிப்பேன்; அவர் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்பார். பூநாரை நின்றால் வெள்ளை, இறக்கை விரித்தால் சிவப்பு என்று ஒரு நாள் படித்தேன். "நெசமாவா? ஒருக்கா கூட்டிட்டுப் போயிக் காட்டு சாமி" என்றார். கூட்டிப் போகப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. களத்தில் இரண்டு நாள்தான் லீவு. ஞாயிறு மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும்.

திருச்சி, தஞ்சாவூர் என்று பேருந்து மாறி வேதாரண்யம் சேர மாலை ஆறாகிவிட்டது. தஞ்சாவூர் தாண்டியதும் அக்கா ஜன்னலில் எதையோ தேடினார்.

"ஏந் தம்பி, ஒரு பக்கமும் மலையே காணமே? இந்த ஊர்க்காரங்க எந்தப் பக்கம் பாத்துக் கும்புடுவாங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காங்கேயம் பக்கத்துக் கோயில் மலையான சிவன்மலை கண்ணில் படாத ஒரு நாளை அவர் அதுவரை கண்டதில்லை.

அறை வாடகை எண்ணூறு ரூபாய். ஞாயிறு காலை ஆறேகாலுக்கு டவுன் பஸ். கோடியக்கரைக்குப் பதினோரு கிலோமீட்டர். அக்காவுக்கு இலவசம், எனக்குப் பதின்மூன்று ரூபாய். "படிச்சவங்களுக்குத்தான் டிக்கெட்டாட்ட இருக்குது" என்று சிரித்தார். அங்கிருந்து செல்வம் என்பவரின் ஆட்டோ, சுற்றிக் காட்ட அறுநூறு. வழியில் வெளிமான்கள் குறுக்கே போயின. "கொம்பப் பாரு, திருகாணியாட்ட!" என்றார் அக்கா.

ஏழரை மணிக்குச் சதுப்பின் கரையில் நிறுத்தி, செல்வம் மெதுவாகச் சொன்னார். "எரை எடுக்கிற நேரம். சத்தம் போட்டுடாதீங்க. கலைஞ்சா இன்னைக்கு அவ்வளவுதான்."

ஆழமில்லாத தண்ணீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் தலை கவிழ்த்துச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை. அக்காவின் முகம் வாடியது.

"செவப்பே காணமே, கண்ணு."

"பொறுங்க்கா. தானாப் பறக்கும்."

முக்கால் மணி நேரம் நின்றோம். ஒன்றும் பறக்கவில்லை. அப்போது எங்களுக்குப் பின்னால், ஆட்டோவில் இருந்த சோற்றுப் பைமேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. களத்தில் கொப்பரையைத் தூக்கிப் போகும் காக்கைகளைப் பகல் முழுக்க விரட்டுகிற கை அல்லவா! அக்கா திரும்பி, "ச்சூ! ஏய்!" என்று பலமாகக் கைதட்டிவிட்டார்.

நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "உங்களையக் கூட்டியாந்ததே தப்புங்க்கா!"

அவர் என் பக்கம் திரும்பி, என் தோளுக்கு மேலே பார்த்தபடி நின்றார். நான் திரும்பியபோது பூநாரைகள் அக்கரையில் ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தன.

"என்னக்கா நீங்க! ஒத்தக் காக்காய்க்காகப் பூநாரை பூராவையும் வெரட்டிட்டீங்களே" என்றார் செல்வம்.

"தெரியாமத் தட்டிப்போட்டேனுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நானே, "வஞ்சதுக்கு மன்னிச்சுக்கங்க்கா" என்றேன்.

"வைய வேண்டியதுதான். திங்கறதத் திங்கவிடாம வெரட்டிப்போட்டனே, பாவம்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "ஆனா பாத்தியா தம்பி, அத்தன செவப்ப?"

"நான் பாக்கலீங்க்கா."

"அங்கயேதான நின்ன?"

"உங்களையப் பாத்துத்தான வஞ்சிட்டிருந்தேன்."

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு வேதாரண்யம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். "எல்லாம் ஒண்ணா எந்திரிக்கல, கண்ணு. ஒரு ஓரத்துல புடிச்சு, சீலைய ஒதறி விரிச்சாப்டி வந்துது. செவப்புச் சீல, கருப்புக் கர. கழுத்த முன்னால நீட்டிட்டு, கால பின்னால நீட்டிட்டு..."

ஒரு வருஷம் ஆகப்போகிறது. பீளமேட்டு அலுவலகத்தில் அண்மையில் ஒருவர், பூநாரை பறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நல்லாப் பாத்திருக்கீங்க" என்றார்.

"பாத்தது எங்க அக்காங்க" என்றேன்.