முந்திப் போட்ட மோட்டார்

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தில் பிழை இல்லை. எங்கள் ஊர் டேங்க் மோட்டார் எரிந்துபோனதற்குக் காரணம் என் மச்சான் காசி அல்ல. நான்!

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, மலைமேல் எங்கள் ஊரை ஒட்டி ஒரு விடுதி இருக்கிறது. அதன் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் இல்லை. இதைக் கூச்சமில்லாமல் சொல்வேன். மற்ற எல்லாவற்றிலும் எனக்குக் கூச்சம். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் மேனேஜர் சொன்னார்: "மோட்டார் எப்பப் போடணும், எவ்ளோ நேரம் ஓடணும்னு நீங்களே பாத்துக்குங்க. எனக்குத் தண்ணி கண்ணாடியா இருந்தாப் போதும்."

நீங்களே பாத்துக்குங்க... அதுவரை எதையும் முடிவு செய்யும் உரிமையை யாரும் எனக்குத் தந்ததில்லை.

குளத்து நீர் முழுவதும் ஒரு முறையாவது மணல் வடிகட்டிக்குள் போய்த் திரும்ப வேண்டும். பனிக்காலத்தில் யாரும் இறங்குவதில்லை. ஓட்டும் நேரத்தைக் குறைக்கலாம். கோடையில் கூட்டம் இறங்கினால் தலை எண்ணெய் படலமாக மிதக்கும், நேரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில் நான் தவறியதே இல்லை. எப்போது என்பதில்தான் தவறினேன்... இல்லை, தவறினேன் என்பதுகூடப் பொய். தெரிந்தே செய்தேன்.

நான் காலையில் ஓட்டினேன். இரவில் விழுந்த சருகும் பூச்சியும் ஒதுங்கிவிடும். உச்சிவேளையில் காரில் வந்து இறங்குபவர்கள் குளத்தைப் பார்த்து, "எவ்ளோ க்ளீனா இருக்குப்பா!" என்பார்கள். மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்காகத்தான் காலை!

காசி என் மனைவியின் தம்பி. ஊர் டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுவது அவன் பொறுப்பு. அதையும் காலையில்தான் செய்தாக வேண்டும். பெண்கள் குடம் பிடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போக வேண்டுமே. இரண்டு மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். எங்கள் மலைக்குக் கரண்ட் இளைத்துத்தான் ஏறி வரும். ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்று முனகும், கிளம்பாது. முந்திப் போட்டவனுக்குத்தான் கரண்ட்.

எனக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாள் அவன் முந்திவிட்டான். என் மோட்டார் முனகியது. அறையில் பல்பு அகல் விளக்காய்ச் சுருங்கியது. அன்று புரிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து நான் முந்தினேன்!

அவன் பாவம், கிளம்பாத மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறான். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிக் காயில் கருகிவிட்டது. போளூருக்கு இறக்கிச் சரிசெய்து கொண்டுவரும்வரை பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறினார்கள். என் மனைவியும்தான். சரிசெய்து வந்தது மறுபடியும் கருகியது.

மாரியம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது.

"இன்னாடா காசி, குட்ச்சிட்டுப் போட்டியா மோட்டார?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"இல்லீங்க. கரண்டு பத்தல. இழுக்க மாட்டேங்குது."

"எல்லார் வூட்லயும் லைட்டு எரியுது, உனுக்கு மட்டும் பத்தலியா?" என்றாள் ஒருத்தி. "மோட்டாருக்கு இவன் மூஞ்சி புடிக்கலியாம்டி!" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் சிரித்தது.

காசி என்னைப் பார்த்தான். "எங்க மாமாவக் கேளுங்க. அவுரும் மோட்டாருதான் ஓட்றாரு. அவுரு சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. 'என்னாலதான்' என்ற ஒரு சொல் போதும்... சொன்னேனா?

"எங்க மோட்டாரு நல்லாதான் ஓடுது" என்றேன்.

அதில் ஒரு சொல்லாவது பொய்யா, பாருங்கள்! கூச்சத்தில் தடுமாறிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். கூச்சக்காரன் வாயை மூடிக்கொண்டல்லவா இருப்பான்? நான் பேசினேனே... தெளிவாக, திக்காமல்.

காசியிடமிருந்து பொறுப்பைப் பறித்தார்கள். எங்கள் ஊரில் பொறுப்பை இழந்தவன் சாவியை யார் கையிலும் கொடுப்பதில்லை. அம்மன் படியில் வைத்துவிட்டு நகர வேண்டும். காசி மோட்டார் அறைச் சாவியை வைத்தான். நகர்ந்தான். சில நாட்களில் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான்.

அதன்பின் காலையில் என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. மாலைக்கு மாற்றினேன். யாரைக் கேட்க வேண்டும்? முடிவு செய்பவன் நானே அல்லவா! பொழுது சாய்ந்த பிறகு குளோரினைப் போட்டு ஓட்டினால் வெயில் அதைத் தின்பதில்லை. காலையில் சருகை வலையால் அள்ளினால் போதும். தண்ணீர் முன்னைப் போலவே கண்ணாடி. வந்தவர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அப்படியானால் அவனை எதற்காக...?

கருகிய மோட்டாரை மறுபடி சரிசெய்து மாட்டினார்கள், ஊர் டேங்க்கும் நிறைந்தது. புதிதாகச் சாவி எடுத்தவனைக் கைராசிக்காரன் என்று கொண்டாடினார்கள். நானும் தலையாட்டினேன்.

இந்த ஆடிக்குக் காசி வந்தான். எங்கள் வாசல் குழாயைத் திறந்தான். தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. கையை நீட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா வருதே மாமா... அப்ப என் கைதான் சரியில்ல போல."

அவனே நம்பிவிட்டான்!

ஊர் அவனைப் பழித்தது ஒரு பங்கு. அவனே அவனைப் பழித்துக்கொண்டது... அது முழுக்க என்னுடையது. அப்போதாவது சொன்னேனா? வாசலில் நாலு பேர்கூட இல்லை. அவனும் நானும்தான்.

"சாப்ட்டுட்டுப் போ மச்சான்" என்றேன்.

சாப்பிட்டான். அக்காவிடம் சொல்லிக்கொண்டு இன்று மதியம் பஸ் ஏறிவிட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குளத்து மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் ஒரு சுற்று வந்திருக்கும். நிறுத்தப் போக வேண்டும். அந்த நேரம் எனக்குத் தப்பாது.

ஆடிப் பதினெட்டு, நடுராத்திரி நெருங்கும் வேளை.