பூசாத வலப்பக்கம்

எழுபதுகளின் கடைசியில், திருச்செங்கோடு சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் பெயின்டர். ஒல்லியான ஆள். பிரஷ்ஷைத் துணியில் துடைக்க மாட்டார், இடது முன்கையில்தான் துடைப்பார். லாரியில் விரல் அகலம் சும்மா விட்டாலும் லாரிக்காரர்கள் கோபிப்பார்கள் என்பதால் பூவும் மயிலுமாக நிரப்பிவிடுவார்.

பட்டறைச் சுவரில் ஒரு ஜப்பான் காலண்டர் தொங்கியது. கறுப்பு மையில் ஒரே ஒரு மூங்கில் கிளை, மற்றதெல்லாம் வெள்ளை. அதைப் பார்த்துப் பார்த்து அவர் தனக்கென்று ஒரு படம் செய்திருந்தார். தார்ப்பாயில் கழிவு ஆயிலால் இழுத்த கோடுகள். இடது பக்கம் நசுங்கிய தகரமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியிருந்தன. வலது பாதியில் ஒன்றுமே இல்லை.

பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் என்ற திமிரில், "வலது பக்கம் மொட்டையா இருக்குதே, ஒரு தாமரை போடுங்க" என்றேன்.

அவர் பிரஷ்ஷை முன்கையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க சாமி. இந்தத் தகரமெல்லாம் எம்பையன் ஓட்டுன லாரியோடதுங்க. வலது பக்கந்தான் அவன் உக்காந்திருந்தான். அந்தப் பக்கம் எடுக்கறதுக்கு ஒண்ணுமே மிஞ்சலீங்க."

பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த லாரியே புதுக் கதவோடு வெளியே நின்றது. அதற்கு மயில் எழுதப் போனார். வலது கதவில் அவர் விரல் அகலம்கூடச் சும்மா விடவில்லை.